டிப்ஸ் அண்ணி அடுப்பைப் பற்றவைத்த நாள்

சொந்தக்காரர்களுக்கு அவள் ‘டிப்ஸ் அண்ணி’. காலையில் குடும்பக் குழுவில் அவள் குரல்பதிவு வராவிட்டால் பாதிப் பேருக்குப் பொழுதே விடியாது.

“குழம்பு கெட்டியாயிட்டா பச்சத் தண்ணிய ஊத்தாதீங்க, கொதிக்கிற தண்ணிய ஊத்துங்க. எலுமிச்சம்பழத்த அடுப்ப அணைச்சப்புறம் பிழியுங்க, இல்லாட்டி கசக்கும்.”

பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை பார்த்துப் பழகிய குரல். பயந்து நடுங்கி வருகிறவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டால் சமர்த்தாக வாயைத் திறந்துவிடுவார்கள்.

ஆனால் அம்மணிக்கு வெந்நீர் வைப்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. சமையல் முழுக்கக் கணவர். பஸ் மெக்கானிக், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவர். அவர் கிண்டுவார், இவள் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் செய்வதையெல்லாம் போனில் ஒப்பிப்பாள். புதுமணப்பெண்ணாக இருந்தபோது, “மருமக சமைப்பாளா?” என்று மாமியார் கேட்டதற்கு விளையாட்டாக அனுப்பியதுதான் முதல் பதிவு. பாராட்டு வந்து குவிந்துவிட்டது. அதற்குமேல் உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஒரு சனிக்கிழமை வசமாக மாட்டினாள். நடுவழியில் நின்றுபோன பஸ்ஸைப் பார்க்கக் கணவர் போயிருந்தார். வெளியூரிலிருந்து நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

“உங்க கையால ஒரு வாய் சாப்பிடணும்னு ஆசையா வந்தேன் அண்ணி!”

அண்ணிக்குச் சமைக்கவே தெரியாது என்பது மாமியார் காதுக்குப் போனால் இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பேர் ஒரே மத்தியானத்தில் காலி. சரி, காதால் கேட்டதெல்லாம் கைக்கு வராமலா போய்விடும் என்று இடுப்பில் துண்டைச் செருகினாள். உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும் என்று முடிவானது.

“வெங்காயத்தக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜுல வெச்சு நறுக்கினா கண்ணு எரியாது” என்றாள் கெத்தாக. நறுக்கிய துண்டுகள் மட்டும் ஆளுக்கொரு அளவில் வந்தன. அவற்றைக் கிழங்கோடு வாணலியில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். வெந்த முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு உரித்தாள். ஓடு அழகாகக் கழன்றுவந்தது. அடடா, நமக்கும் சமையல் வருகிறதே என்று பூரித்துப்போனாள்.

அப்போதுதான் நாத்தனார் கேட்டாள்: “உப்பு எங்க அண்ணி?”

ஒரு அலமாரியைத் திறந்தாள். தட்டுகள். அடுத்ததில் டீத்தூள். மேலே எட்டித் திறந்ததில் ஒரு பெரிய பிஸ்கட் பொட்டலம்.

“அடப்பாவி மனுஷா, இங்கயா ஒளிச்சு வெச்சிருக்காரு!” என்று வாய் முந்திக்கொண்டது.

நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதடி. ரொம்பக் கேவலமாப் போயிடும்.”

“அம்மாகிட்டயா? அம்மாவுக்கு மொத நாளே தெரியும் அண்ணி. நீங்க பேசும்போது பின்னால அண்ணன் கரண்டியால கிண்டிக்கிட்டே பாடுறது நல்லாக் கேக்குதே!”

“பாடுறாரா?”

அவள் கவனித்ததே இல்லை. தினமும் காதில் விழுகிற சத்தம், ஃபேன் ஓடுகிற மாதிரி பழகிப்போயிருந்தது.

“எங்க வீட்டுல இருந்த வரைக்கும் அண்ணன் பாடி யாரும் கேட்டதில்ல. சிரிக்கவே காசு கேக்கும். அம்மா தினமும் உங்க பதிவத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பாங்க. ‘எம் புள்ளையப் பாட வெச்சுட்டா பாரு, அவ சமைச்சா என்ன, சமைக்காட்டி என்ன’ம்பாங்க.”

அவள் சந்தோஷத்தில் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இரண்டு பேரும் அடுப்பை மறந்தே போனார்கள். தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியபோதுதான் வாணலியின் நினைவு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிரீஸ் கறையோடு கணவர் உள்ளே வந்தார். தங்கையைப் பார்த்து ஒரு புன்னகை, வாணலியைப் பார்த்து ஒரு பெருமூச்சு. கையைக் கழுவினார், அடுப்பை அணைத்தார். அடியைச் சுரண்டாமல், தீயாத கிழங்கை மட்டும் மேலாக எடுத்து வேறு வாணலிக்கு மாற்றினார். அடுப்படி ஜன்னல் மாடத்திலிருந்த உப்பை எடுத்துத் தூவினார். கரண்டி அசைய அசைய, அவருக்கே தெரியாமல் மெதுவாக ஒரு பாட்டு கிளம்பியது.

அவள் போனை எடுத்துப் பதிவை அழுத்தினாள். “அத்தை, இன்னிக்கு டிப்ஸ் எதுவும் இல்ல” என்றாள். நாத்தனாருக்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, போனை அவர் முதுகுக்குப் பின்னால் நீட்டினாள். பாட்டு முடிகிறவரை டிப்ஸ் அண்ணி வாயே திறக்கவில்லை.