குப்பண்ணனின் தொழில்

ஆம்புலன்ஸ் திரும்ப வழி போதவில்லை. ஆனந்தி ஓடிப்போய் வேலிப் படலை அவிழ்த்து ஓரமாகச் சாய்த்தாள். பக்கத்துக் காட்டுப் பெரியமுத்துவும் இன்னும் சிலரும் அவளுடைய அப்பாவை இறக்கி வாசலில் கிடந்த பெஞ்சில் கிடத்தினார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து, முகம் மட்டும் தெரிய வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள்.

காலையில் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போன குப்பண்ணன், ஈரத்தில் நின்றபடி மோட்டார் ஸ்விட்சைத் தொட்டிருக்கிறார். கரண்ட் அடித்துவிட்டது. பழைய மோட்டார். போன வருஷமே இந்தக் காட்டுக்கென்று கேரள விவசாய ஆபீசான கிருஷி பவனிலிருந்து மானியத்தில் புது மோட்டாரும் சொட்டுநீர்க் குழாய்களும் வந்தன. ஆனால் நிலமும் வரி ரசீதும் அருணகிரி பேரில் இருந்தன. வந்ததெல்லாம் வேலந்தாவளம் பக்கத்தில் அவருடைய தென்னந்தோப்புக்குப் போய்விட்டது. ஆனந்தி பிறப்பதற்கு முன்பிருந்தே குத்தகைக்கு உழுத குப்பண்ணன் ஆபீசில் போய்க் கேட்டார். குத்தகைக்கு எழுத்து உண்டா என்றார்கள். அருணகிரி எழுதித் தரவில்லை. எழுதினால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

அந்த அருணகிரி இப்போது மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது பொய் அழுகை இல்லை என்று ஆனந்திக்குத் தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிறகு அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மணி, போலீஸ்காரரு மொழி எடுக்க, வாக்குமூலம் எழுத வந்திருக்காரு. அப்பன் கூலிக்கு வந்தாருன்னு சொல்லிப்போடு. பாட்டம், குத்தகைன்னு வாயில வந்துறக் கூடாது. எனக்கும் கேசு, உங்களுக்கும் அலைச்சல்."

"எங்கப்பா கூலிக்கு வரலீங்களே."

"நானா இல்லீங்கறேன்? தக்காளி பழுத்து நிக்குது. நீங்களே பறிச்சுக்குங்க சாமி, நான் ஒண்ணும் கேக்கல."

அவர் மிரட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. பறித்துக்கொள்ளச் சொல்கிறவர் பறிக்காதே என்றும் சொல்லலாம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

பெரியமுத்து கேட்டுக்கொண்டுதான் நின்றார். அருணகிரி நகர்ந்ததும் கிட்டே வந்தார்.

"விவசாயின்னே சொல்லு கண்ணு. சர்க்காருல ஏதாச்சும் குடுப்பாங்க."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பூவாத்தாள் நிமிர்ந்தாள். "ஆரு? இத்தன நாள் குடுத்தவங்களா?"

பெரியமுத்து தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

போலீஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் பேசினார். பேர், வயசு எல்லாம் எழுதிவிட்டு, "அச்சனுக்கு எந்தா தொழில்?" என்று கேட்டார்.

ஆனந்தி அம்மாவைப் பார்த்தாள். பூவாத்தாள் ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள். அருணகிரி வேறு யாரிடமோ விறகு வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கூலிங்க," என்றாள்.

"இந்த நிலத்துல ஸ்திரமா பணி உண்டோ?"

"இல்லீங்க. கூப்புட்டா வருவாருங்க."

அவர் எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள்.

வெயில் தாழ்வதற்குள் எடுத்துவிடலாம் என்றார்கள். வண்டித்தடம் வழியாகப் போனால் சுடுகாட்டுக்கு வெகுதூரம் சுற்ற வேண்டும். காட்டுக்குள் குறுக்கே இறங்கினார்கள். அருணகிரியும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோள் கொடுத்தார். பெண்கள் வேலியோரம் நின்றுவிட்டார்கள்.

அதுவரை வாய்விட்டு அழாத பூவாத்தாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

"ஏனுங்க, செடிய மிதிச்சுப்போடாதீங்க! ஓரமாப் போங்க!"

தூக்கிப் போனவர்கள் நின்றார்கள். வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. ஒரு பக்கத்தவர்கள் மட்டும் வாய்க்காலில் இறங்கினார்கள். பாடை சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்து, செடிகளை ஒட்டி மெதுவாக நகர்ந்தது.