செம்பு மோதிரத்துக்குக் கீழே

1993 சித்திரையில், கல்கத்தா லேக் மார்க்கெட் பின்தெருவில் குடியிருந்த ஜம்புநாதனின் தோல் எஃகாகக் கெட்டிப்பட்டது. அவருக்கு ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பல்சக்கரங்களைக் கரித்தூளில் புதைத்து உலையில் பழுக்கவைத்து, மேற்பரப்பில் கரி ஏறியதும் எண்ணெயில் முக்கிக் குளிரவைப்பார்கள். மேலே கெட்டி, உள்ளே மிருது. அப்போதுதான் சக்கரம் தேயவும் தேயாது, உடையவும் உடையாது. மிருதுவாகவே விடவேண்டிய இடத்தில் முன்கூட்டியே செம்பு பூசிவிடுவார்கள், செம்பைத் தாண்டிக் கரி ஏறாது. அன்று உடம்பெல்லாம் கரியோடு உலையை விட்டு வெளியே வந்தவர்மேல் கால்பைசாகி என்கிற கோடைப் புயல்மழை கொட்டியது. வருஷா வருஷம் அதே கரி, அதே உலை, அதே மழைதான். அந்த வருஷம் மட்டும் ஏன் இப்படி ஆனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் சவரக்கடையில் பிளேடுகள் மழுங்கின. ஊசி வளைந்ததும் டாக்டர் வேறொரு டாக்டரைக் கைகாட்டினார். அவர் ஹோமியோபதிக்காரரிடம் அனுப்பினார். ஹோமியோபதிக்காரர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஜாதகம் கேட்டார். தொழிற்சாலையில், சக்கரம் கெட்டிப்பட்டதா என்று சோதிப்பதுபோல, முழங்கையில் அரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அரம் வழுக்கியது. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்றார்கள். இதற்கு விடுப்பு உண்டா, இல்லையா என்று தொழிற்சங்கம் குழம்பியது. "கொசு கடிக்காது, சுருக்கம் விழாது, இதுக்குப் போய் அழறியே?" என்று தெருவே பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு தீபாலி அவர் மனைவி ஷியாமளாவிடம் வங்காளியில் கேட்டாள்.

ஷியாமளா அழுதது வேறு காரணத்துக்கு. நெற்றியில் அவள் கை பட்டால்தான் காலையில் எழுந்திருக்கிற மனுஷன், இப்போது பெயர் சொல்லாத குறையாகக் கத்தினால்தான் எழுந்தார். "நான் தொட்டது தெரியறதா?" என்பாள். "பாத்தேனே, தெரிஞ்சுது" என்பார். சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். அது தரையில்தான் வழிந்தது. கோபப்படலாமென்றால் யார்மேல் என்று புரியவில்லை. வருஷா வருஷம் துர்கா பூஜைகள் வந்து போயின. அவளுக்கு நரைத்தது, கை சுருங்கியது. அவர்மேல் ஒரு கீறல்கூட இல்லை. புருஷன் பக்கத்திலேயே இருக்கும்போது தான் ஏன் தனியாக இருக்கிறோம் என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வலித்ததுதான் மிச்சம்.

2006 காளி பூஜையன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜம்புநாதனின் செம்பு மோதிரம் அறுந்து சாம்பாரில் விழுந்தது. உடம்புச் சூட்டுக்கு நல்லதென்று கல்யாணமான புதிதில் ஷியாமளா மாட்டிவிட்டது. விரல் கெட்டிப்பட்ட பிறகு கழற்ற வரவில்லை. அந்தத் தோலிலேயே உரசி உரசி நூலாகத் தேய்ந்திருந்தது. அவள் அவர் விரலைப் பிடித்துத் துடைத்தாள்.

"உன் கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?" என்றார்.

இருவரும் விரலைப் பார்த்தார்கள். மோதிரம் இருந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்து, மெத்தென்று, அவள் கையைப் போலவே சுருங்கியிருந்தது. ஊர்ச் சக்கரத்துக்கெல்லாம் செம்பு பூசியவருக்குத் தன் விரல் ஞாபகம் வரவில்லை.

"அசடு" என்றாள் ஷியாமளா. அவரைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை அவள் நெற்றியை விட்டுவிட்டு அந்த விரலைத் தொட்டாள். ஜம்புநாதன் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.