வாத்தியார் மிதித்து மூடிய வளைகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதுவும் என் கோபம் இல்லை, என் அக்காவுடையது. போன வாரம் ஃபோனில் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளிவிட்டு, "நீதான் கதை எழுதுறவளாச்சே, இதை எழுது. அந்த மனுஷன் படிக்கணும்" என்றாள். உட்கார்ந்தேன்.

அந்தி வெயிலில் தோட்டம் பொன்னாக மின்ன, அவள்—

சே. கொல்லைப்புறம் பூராவும் ஓட்டை. இதில் பொன்னாவது, மின்னுவதாவது!

2

மறுபடி. அக்கா தையல்காரி. அவள் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். தான் சொன்ன விடை தப்பு என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பதினோரு வயதில் ஒரு மகள். அவள் கட்டில் பின்னறையில், வெளிச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் வளைகள். மொத்தம் ஏழு. கையை விட்டால் முழங்கை வரை போகும். (கையையா விட்டாய் என்று கேட்டேன். "குச்சியடி, லூசு!" என்றாள்.) கட்டிலின் தலைமாட்டில், சுவரில் விரல் நுழைகிற விரிசல்.

"வெறும் எலி" என்றார் வாத்தியார். மூன்று மாதமாக அதே பாட்டு.*

* சுண்டெலி ஓட்டையில் கட்டைவிரல் நுழையும். இந்த வளைகளில் சொம்பே நுழையும். கணக்கு வாத்தியாருக்கு அளவு தெரியாதாம்!

3

எலி பிடிக்கிறவர் வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வளை வாயில் குவிந்திருந்த மண்ணை அள்ளிப் பார்த்தார்.

"பெருச்சாளிம்மா. அஸ்திவாரத்துக்குக் கீழ பூந்திருக்கு. சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணப் போட்டு மூடுங்க, அழுத்தாதீங்க. காலைல எது தொறந்திருக்கோ, அதுலதான் குடியிருக்கு. அதுல மருந்து வைக்கிறேன். அப்புறம் கொத்தனாரக் கூப்பிட்டுத் தோண்டிப் பாத்துடுங்க."

"அவன் பொழப்புக்கு அவன் பயமுறுத்துறான்" என்றார் வாத்தியார் உள்ளேயிருந்து.

அக்கா ஏழையும் மூடினாள். காலையில் போனால் ஏழும் மூடியே கிடந்தன. வாத்தியார் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார். "பாத்தியா? சொன்னா கேக்கணும்."

அக்காவுக்கு வெட்கமாகப் போயிற்று. திரும்பும்போதுதான் பார்த்தாள். நான்கு வளைகளின் மேல் மட்டும் மண் இறுகிக் கிடந்தது. அதில் செருப்புத் தடம், ஆம்பிளைச் செருப்பு.

விடிந்ததும் போய், திறந்திருந்த நாலையும் மிதித்து மூடிவிட்டுத்தான் மனுஷன் பல் தேய்க்கப் போயிருக்கிறார்.

4

இங்கே இரண்டு நாள் நின்றுவிட்டேன். கதை என்றால் அவர் பக்கமும் ஒரு நியாயம் வேண்டாமா?

அவர் அப்பா கட்டிய வீடு அது. அதன் அஸ்திவாரத்தைச் சந்தேகப்படுவது அவருக்கு—

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"உன் நியாயத்தக் கொண்டுபோய் அடுப்புல போடு! எம்பொண்ணு தலைமாட்டுல சுவரு பொளந்து நிக்குது. தான் ஜெயிக்கணும்னு வளைய மிதிச்சு மூடியிருக்காருடி!"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நியாயத்தை அடித்துவிட்டேன்.

5

முடிவுகள்.

ஒன்று: சுவர் விழுகிறது. (குழந்தைமேல் சுவரைத் தள்ளியா அப்பனுக்குப் புத்தி சொல்வது? என்னால் முடியாது.)

இரண்டு: அவர் மன்னிப்புக் கேட்கிறார். (இதைக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.)

மூன்றாவதை என்னைக் கேட்காமல் இன்று மத்தியானம் அவளே செய்துவிட்டாள். முதலில், எலி பிடிக்கிறவரைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்று நாலு வளையிலும் மருந்து வைக்கச் சொன்னாள். பிறகு மகளின் பாயையும் போர்வையையும் தன் அறைக்குக் கொண்டுவந்தாள். வாத்தியாரின் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போய், விரிசலுக்குக் கீழே அந்தக் கட்டிலில் விரித்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவர், "என் மெத்த எங்க?" என்றார்.

"பின்னறையில."

"அங்க எதுக்கு?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்கல்ல? படுங்க."

அக்கா இப்போது ஃபோனில் கிசுகிசுக்கிறாள். அவர் அறை வாசலில் நிற்கிறாராம். சுவரைப் பார்க்கிறாராம், கட்டிலைப் பார்க்கிறாராம்.

படுத்தாரா, கொத்தனாரைக் கூப்பிட்டாரா என்று நான் எழுதப்போவதில்லை. வாசகரே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தயவுபண்ணி அவருக்காக அந்தச் சுவரை மட்டும் பூசிக் கொடுத்துவிடாதீர்கள்.