வாத்து மூக்கில் பூச்சி

அந்த விமானத்துக்கு வாத்து என்று பெயர் வைத்தது நாத்தனார்தான். மூக்கு அகலமாகவும் முதுகு வளைந்தும் இருந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பறக்குமா, இல்ல குளத்துல இறக்கி விடணுமா?" என்று கேட்டாள். அதைக் கட்டிய அவள் தம்பிக்குக் கோபம் வந்தது. தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்தது. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தம்பி பேக்கரி வைத்திருந்தார். விமானம் ஓட்ட லைசென்ஸும் வைத்திருந்தார். அவர் மனைவி, பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் டாங்க் செய்யும் பட்டறையில் வெல்டர். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் இருவருமாகச் சேர்ந்து, ஆறு வருஷமாக அந்த இரண்டு சீட்டு விமானத்தைக் கட்டினார்கள். வேலையை நியாயமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இன்ஜினைக் குளிர வைப்பது அவர் பொறுப்பு. இன்ஜின் கக்கும் நெருப்பை வெளியே கொண்டுபோய் விடுவது அவள் பொறுப்பு. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் செய்து கொடுத்திருக்க முடியாது.

இன்ஜின், விபத்தில் நொறுங்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து வந்தது. ரோட்டரி இன்ஜின். மேலும் கீழும் போய் வரும் பிஸ்டன் அதில் கிடையாது. முக்கோணமாக ஒரு இரும்பு உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும், அவ்வளவுதான். சின்ன உடம்பு, நல்ல பலம், உதறல் கிடையாது. இந்த மூன்றையும் பேக்கரிக்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சொல்லாமல் விடுவது இரண்டு. அதன் புகை மற்ற இன்ஜின்களின் புகையைவிடப் பயங்கரமாகச் சுடும். சத்தமோ, செத்தவனை எழுப்பிவிடும்.

உயிரோடிருந்தவர்களில் முதலில் எழுந்தவள் நாத்தனார். ஓடுபாதையின் கோடியில், வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ், காலையில்தான் தூங்குவாள். வாத்து முதன்முதலாகப் பறந்த அன்று நைட்டியோடு வேலிக்கு வந்து நின்றாள்.

"டேய் தம்பி, நான் உன் அக்காடா. என்னை ஏண்டா உயிரோட கொல்ற?"

அந்த வாரமே தெருக்காரர்கள் விமானத் திடலுக்கு ஒரு புகார் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது. சத்தம் அடங்கவில்லையென்றால் வாத்து வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று திடல் நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஆகவே வெல்டர் சைலன்சர் செய்தாள். முதலாவதன் உள்தகடு பத்து நிமிஷத்தில் எரிந்து பொத்தலாகிப் பின்பக்கமாகத் துப்பப்பட்டது. இரண்டாவதற்குக் கனமான எவர்சில்வர் போட்டாள். அது எரியவில்லை, விரிந்தது. இரண்டு முனையையும் இறுக்கிப் பற்ற வைத்திருந்ததால் விரிய இடமில்லாமல் வெல்டிங் ஓரத்திலேயே பிளந்தது. பால் டாங்க் இப்படியெல்லாம் முரண்டு பிடிக்காது. மூன்றாவதற்கு ஒரு முனையை மட்டும் இறுக்கினாள். மறுமுனையை ஒரு குழாய்க்குள் இன்னொன்று வழுக்கிக்கொண்டு போகும்படி சும்மா செருகி விட்டாள். சூடு ஏறும்போது நீண்டது, ஆறும்போது சுருங்கியது, பிளக்கவே இல்லை. சத்தமும் பாதிக்கு மேல் அடங்கியது. அன்று காலை வேலிக்கு வந்த நாத்தனார், "முன்னால பேய் மாதிரி வந்தது. இப்ப மாவு மில்லு மாதிரி வருது. பரவால்ல, தூங்கிடுவேன்" என்றாள். தன் வாழ்நாளில் கிடைத்த பாராட்டுகளிலேயே அதுதான் பெரியது என்று வெல்டருக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு, வாத்து முதன்முறையாகப் பத்து நிமிஷத்துக்கு மேல் பறக்கத் தொடங்கியபோதுதான், ஊசி ஏற ஆரம்பித்தது.

தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஊசி. தரையில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒழுங்காக இருக்கும். மேலே போய்க் கால் மணி நேரத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பேக்கரிக்காரர் அரைகுறையாகச் சுற்றிவிட்டு அவசரமாக இறங்கி வருவார். ஒரு மணி நேரம் பறந்து ஊசி சிவப்பைத் தொடாமல் வந்தால்தான் விமானத்தைச் சோதிக்கும் ஆய்வாளர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழும்வரை ஓட்டுகிறவரைத் தவிர யாரும் ஏறக் கூடாது.

அதாவது, அவள் ஏறக் கூடாது. ஆறு வருஷம் கட்டியவள் அவள். இரண்டாவது சீட்டுக்கு உறை தைத்ததும் அவள்தான். வாத்துக்குச் சக்கரம் வருவதற்கு முன்பே அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடுவாள். அதில் உட்கார்ந்து அவள் இன்னும் தரையை விட்டு ஒரு முழம்கூட எழும்பவில்லை. ஒவ்வொரு முறையும் திடலின் ஓரத்தில் ஹெல்மெட்டும் கையுமாக நின்று கையாட்டிவிட்டு வந்தாள். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை; ஆனால் ஆசை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"உன் சைலன்சர்தான்" என்றார் பேக்கரிக்காரர், ஒரு நாள் இறங்கி வந்ததும்.

"என் சைலன்சர் என்ன பண்ணுச்சு?"

"மூக்குக்குள்ள அடுப்ப வச்ச மாதிரி இருக்கு. பழுக்கப் பழுக்கக் காயுது. பக்கத்துலயே ரேடியேட்டர் இருந்தா அது எப்படிக் குளிரும்?"

அவள் சைலன்சருக்கு வெப்பம் தடுக்கும் துணி சுற்றினாள். நடுவில் ஒரு தடுப்புத் தகடும் வைத்தாள். ஊசி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"உங்க காத்து சரியா வெளிய போகுதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. இன்ஜின் மூடியின் மேல்பக்கத்தில், கண்ணாடிக்குச் சற்று முன்னால், மூக்கு வழியாக நுழைந்து ரேடியேட்டரில் வெந்த காற்று வெளியேற அவர் வரிசையாகத் திறப்புகள் வெட்டியிருந்தார். அதை யாராவது தொட்டுப் பேசினால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"சூடு மேலதான் போகும். காலம்பூரா ஓவன் முன்னால நிக்கிறவன்கிட்ட வந்து சூடு எங்க போகும்னு பாடம் எடுக்கிறியா? தரையில ஓட்டும்போது பாரு, அந்த ஓட்டை வழியா அனல் எப்படிக் கிளம்புதுன்னு!"

அது உண்மைதான். தரையில் ஓடும்போது அந்தத் திறப்புகளுக்கு மேல் காற்றே நெளியும். கையை வைக்க முடியாது.

"வர ஞாயித்துக்கிழமை சைலன்சரக் கழட்டிட்டுப் பறந்து பாத்துடறேன்" என்றார்.

"கழட்டினா அண்ணி நம்ம ரெண்டு பேரையும் கழட்டிடுவாங்க."

"வேற வழி இருந்தா சொல்லு."

அவளிடம் வழி இல்லை. சைலன்சர் போனால் திடல் போய்விடும். திடல் போனால் வாத்து மறுபடியும் ஷெட்டுக்குள் போய்விடும். அப்புறம் அந்தச் சீட்டில் சாப்பாடு மட்டும்தான் சாப்பிடலாம்.

மறுநாள் மாலை ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாத்தைக் கழுவப் போனாள். கோபம் வந்தால் எதையாவது தேய்ப்பது அவள் வழக்கம். இறக்கை ஓரத்திலும் கண்ணாடியிலும் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன. அது எப்போதும் உள்ளதுதான். தேய்த்துக்கொண்டே மேல் திறப்புகளுக்கு வந்தாள். குருவி புகுந்து கூடு கட்டிவிடக் கூடாது என்று அவற்றின்மேல் கம்பி வலை பற்ற வைத்திருந்தாள். அந்த வலை முழுக்கப் பூச்சி. கொசு, ஈ, ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சிகூட. எல்லாம் வலையின் வெளிப்பக்கத்தில், இறக்கை விரித்து, வலையோடு வலையாக அப்பிக் கிடந்தன.

தேய்க்கும் கை நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து அனல் வீசும் ஓட்டையில் பூச்சி எப்படி வந்து ஒட்டும்? ஊதித் தள்ளிவிடாதா? இவையெல்லாம் உள்ளே போகப் பார்த்து மாட்டிக்கொண்ட மாதிரி அல்லவா இருக்கிறது?

வாளியை அப்படியே போட்டுவிட்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள். நாத்தனார் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ராத்திரி வார்டில் நோயாளிகள் தூங்கும் நேரத்தில் பின்னுவதற்கு அவள் பையில் எப்போதும் கம்பளி நூல் இருக்கும்.

"அண்ணி, கொஞ்சம் நூல் குடுங்க."

"எதுக்கு? வாத்துக்கு ஸ்வெட்டரா?"

"சைலன்சரக் காப்பாத்த."

சைலன்சர் என்றதும் நாத்தனார் மறுபேச்சுப் பேசாமல் சிவப்பு நூல்கண்டு முழுவதையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை பேக்கரிக்காரர் ஸ்பானரோடு வந்தபோது, வலையின் ஓரம் முழுக்க விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல்கள் கட்டப்பட்டிருந்தன.

"என்ன இது, அலங்காரமா?"

"ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. கண்ணாடிக்கு முன்னாலதானே இருக்கு, உங்களுக்கு நல்லாத் தெரியும். நூலு எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கப்புறம் எத வேணா கழட்டுங்க, நான் கேக்கமாட்டேன்."

இன்ஜினைக் கிளப்பினார். நூல்கள் எல்லாம் மேலே எழும்பிக் கூத்தாடின. அவர் உள்ளேயிருந்து "பாத்தியா?" என்று கையைக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. வாத்து ஓடி, எழும்பி, திடலைச் சுற்றியது. ஒரே சுற்றுதான். இறங்கி வந்து இன்ஜினை நிறுத்திவிட்டு அவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவள் போய்க் கதவைத் திறந்தாள். "என்ன ஆச்சு?"

"உள்ள போகுது."

"என்ன உள்ள போகுது?"

"நூலுதான். சக்கரம் தரைய விட்டதும் ஒண்ணு விடாம எல்லாம் வலைக்குள்ள தல குப்புற விழுந்துடுச்சு. கடைசி வரைக்கும் வெளிய வரவே இல்ல." அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. "வெளிய போற வழின்னு நான் வெட்டினது, உள்ள வர்ற வழியா இருக்கு."

சைலன்சரைக் கழற்ற எடுத்து வந்த ஸ்பானர் மடியிலேயே கிடந்தது. அவள் வாயைத் திறக்குமுன் அவரே வெளியே குதித்து, திடல் வாசலில் நின்ற தன் ரொட்டி வேனுக்குப் பக்கத்தில் போனார். அதன் முன் கண்ணாடிக்கு அடியில் வழக்கம்போலச் சருகுகள் அடைத்துக்கிடந்தன. வேனுக்குள் காற்று வருவதற்கான துவாரம் அங்கேதான் இருந்தது. தினமும் காலையில் திட்டிக்கொண்டே அந்தச் சருகை அள்ளிப்போடுகிறவர் அவர்தான்.

"எதிர்க்காத்து வந்து கண்ணாடில மோதுது, போக இடமில்லாம அங்கயே குவியுது. அதான் வண்டி செய்யறவன் உள்ள இழுக்கிற ஓட்டைய அங்க வைக்கிறான்." தலையில் அடித்துக்கொண்டார். "தினமும் கையால அள்றேன். ஒரு நாளாவது யோசிச்சேனா? ஓவன் நின்ன இடத்துல நிக்கும், வாத்து ஓடும். அதக்கூடவா மறப்பேன்!"

"மேல ஓட்டை வழியா உள்ள வர்ற காத்தும் வெளிய போக முடியல, மூக்கு வழியா வர்ற காத்தும் போக முடியல" என்றாள் அவள். "நடுவுல மாட்டிக்கிட்டது என் சைலன்சர்."

"சரி சரி. நல்லாத் திட்டு. இன்னிக்கு உனக்கு உரிமை இருக்கு."

திட்ட நிறைய இருந்தது. ஆனால் அவர் அப்படி அசடு வழிந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவரும் சிரித்தார். ஆத்திரமெல்லாம் அங்கேயே கரைந்துபோனது.

மேல் திறப்புகளைத் தகடு வைத்து அவள் அடைத்தாள். மூக்கின் அடியில், பின்பக்கமாக, அவர் பெரிய வாயாக ஒன்று வெட்டினார். அதன் முன்விளிம்பில் கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு உதடு. பறக்கும்போது அந்த உதட்டைத் தாண்டி ஓடும் காற்று, உள்ளே இருப்பதை வெளியே இழுத்துவிடும். புகைக்குழாய் எங்கே முடிய வேண்டும் என்று பேச்சு வந்தபோது அவள் சொன்னாள்: "அந்த வாய்க்குள்ளயே முடியட்டும். புகை சீறிக்கிட்டு வெளிய பாயும்போது சுத்தி இருக்கிற அனலயும் கூடவே இழுத்துட்டுப் போகும்ல?"

அவர் யோசித்தார். இந்த முறை ஓவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வெட்டு" என்றார்.

அடுத்த பறத்தலில் ஊசி பாதி வழி ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒரு மணி நேரமும் அசையவில்லை. ஆய்வாளர் மூடியைத் திறந்து, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வெல்டிங் யாரு?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது சீட்டில் அவள் உட்கார்ந்த காலை வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. நைட் டியூட்டி முடிந்து வந்த நாத்தனார், "தூங்காம மாடியில நிப்பேன், தலைக்கு மேல வரும்போது சிவப்புத் துணியை ஆட்டறேன், பாரு" என்று சொல்லியிருந்தாள்.

வாத்து எழும்பியது. அவள் எதையும் பார்க்கவில்லை. கண் ஊசியிலேயே இருந்தது. வீடுகள் சிறுத்தன, மரங்கள் சிறுத்தன, திடல் ஒரு கைக்குட்டை அளவுக்கு ஆனது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஊசி ஏறுகிறதா? இல்லை. இப்போது? இல்லை.

"ஏம்மா" என்றார் அவர். "ஊசிய நான் பாத்துக்கறேன். அது ஒண்ணும் ஓடிப் போயிடாது. அக்கா வீடு வருது, கீழ பாரு."

அவள் மனமில்லாமல் தலையைத் திருப்பினாள். ஓடுபாதையின் கோடி, வேலி, அதற்கு அந்தப் பக்கம் அந்த மொட்டை மாடி. நாத்தனார் இருந்தாள். ஒரு சாய்வு நாற்காலியில், சிவப்புத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாத்து நேராக அவள் தலைக்கு மேலே போனது. நாத்தனார் அசையவில்லை.

"அடப் பாவமே, தூங்கிட்டாளா? இன்னொரு சுத்துக் கீழ வந்து எழுப்பிடுவோமா?" என்றார் பேக்கரிக்காரர்.

"வேண்டாங்க" என்றாள் அவள். சந்தோஷத்தில் கண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது. "எழுப்பாதீங்க. அவங்க நல்லாத் தூங்கட்டும்."