சுவரொட்டியில் சிரித்த முகம்

மடத்துவெளிச் சந்தியில் தமது தேர்தல் சுவரொட்டியைக் காணும்போதெல்லாம் இராசநாயகத்தின் நெஞ்சு நிமிரும். முறுக்கிய கருமீசையும் அடர்ந்த தலைமயிருமாக அதில் சிரித்தவர் நாற்பது வயது இராசநாயகம். அதை அண்ணாந்து பார்த்து நின்றவரோ, மீசை மழித்து, தலை வழுக்கை விழுந்த அறுபத்தெட்டு வயதினர். மாகாண சபையில் ஒரு தவணை இருந்தவர். இம்முறை பிரதேச சபைத் தவிசாளர் கதிரையில் கண் வைத்திருந்தார்.

"படத்தை மாத்துங்கோ அப்பா. சனம் என்னைப் பாத்தெல்லே கும்பிடுது," என்றான் சதீசன். தகப்பனுக்குத் தேர்தல் வேலை செய்யவே கனடாவிலிருந்து வந்திருந்த ஒரே மகன் அவன்; மீசையும் தலைமயிருமாக அந்தப் படத்தை உரித்து வைத்தவன்.

"கும்பிட்டால் நீரும் கும்பிடும். வாக்கு எனக்குத்தானே விழும்!"

இராசநாயகம் அரசியலுக்குள் அடிதடியோடு நுழைந்தவர். முதல் தேர்தலில் எதிராளி பாலசிங்கத்தின் முழங்காலை உடைப்பித்தார். கூலிக்கு வந்த வெளியூர்ப் பெடியள் ஆளைத் தெரியாதென்று விழித்தபோது, "அவன்ரை நோட்டீசைக் கிழிச்சுக் கையிலை வைச்சிருங்கோடா" என்று உபாயம் சொன்னவரும் அவரே. அன்று அந்த நோட்டீசைக் கிழித்துக் கொடுத்த கையாள் நிசாந்தன், இன்று அவருக்கெதிராகப் போட்டியிட்டான். கற்ற பாடத்தை அவன் மறந்திருக்கவில்லை.

பிரசாரத்தின் இறுதி நாள் காலையில், தகப்பனும் மகனும் கோயில் வாசலில் சிதறுதேங்காய் அடித்துவிட்டு நின்றார்கள். கோயில் முறைப்படி இருவரும் மேற்சட்டை களைந்திருந்தார்கள்; ஆதலால் அரசியல்வாதியை அடையாளம் காட்டும் வெள்ளைச் சட்டையும் இராசநாயகத்தின் மேல் இல்லை. அப்போது மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு வந்து நின்றன. முகத்தைத் துணியால் மறைத்திருந்த ஒருவன் கிழிந்த சுவரொட்டியை விரித்துப் பார்த்தான். பிறகு சதீசனைப் பார்த்தான்.

"இவன்தான்ரா!"

முதல் வெட்டுத் தோளைப் பிளந்தது. தடுக்க உயர்த்திய கையில் இரண்டாவது வெட்டு விழுந்தது. சிதறிக் கிடந்த தேங்காய்ச் சொட்டுகளின் வெண்மை சிவந்து போயிற்று.

"டேய், நான்தான்ரா இராசநாயகம்! என்னை வெட்டுங்கோடா!" என்று கதறியபடி அவர் குறுக்கே பாய்ந்தார்.

"தள்ளிப் போணை அப்பு. எங்களுக்கு ஆளைத் தெரியாதே?" வாட்பிடியால் அவருடைய வாயில் ஓர் இடி விழுந்தது. "இவராம் இராசநாயகம்!" என்று மற்றவன் சிரித்தான்.

பற்கள் உதிர்ந்து அவர் மண்ணில் கிடந்தார். "அவனைக் கேளுங்கோடா..."

வாளை ஓங்கியவன் கேட்டான்: "சொல்லு, நீதானே இராசநாயகம்?"

சதீசன் தகப்பனை ஒருமுறை பார்த்தான்.

"ஓம். நான்தான்."

அடுத்த வெட்டுக் கழுத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு விரைந்த வாகனம் மண்டைதீவைத் தாண்டுமுன்பே, இராசநாயகத்தின் மடியிற் கிடந்த உடல் குளிர்ந்துவிட்டது.

சாம்பல் அள்ளிக் காடாற்று முடிந்த அன்று, கட்சிக்காரர் சதீசனின் கண்ணீர் அஞ்சலியைச் சந்திச் சுவரில், தேர்தல் சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். இரண்டிலும் ஒரே முகம் சிரித்தது.

இராசநாயகம் அழைப்பித்த வெளியூர்ப் பெடியள் அவற்றின் கீழே காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன், எதிர்ச் சுவரில் இருந்த நிசாந்தனின் சுவரொட்டியைக் கிழிக்கக் கை நீட்டினான்.

"அதை விடு," என்றார் இராசநாயகம். "நோட்டீசை நம்பேலாது. நானே வந்து ஆளைக் காட்டுறன்."

வெள்ளைச் சட்டையைக் களைந்து சுவரோரம் போட்டுவிட்டு, அவர் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.