அரிசி மூட்டைகளோடு ஒரு வெள்ளோட்டம்

டெக்சஸின் ரவுண்ட் ராக் நகரில் குழந்தைகள் டாக்டராக இருக்கும் ஹம்சா, நாற்பது வயதைத் தாண்டித்தான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மாதம் ஒருமுறை மேற்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊருக்குப் போய் இலவசமாக வைத்தியம் பார்ப்பாள். காரில் ஆறு மணி நேரம். அந்த ஊரில் ஓடுதளம் என்று இருப்பது ஒரு பண்ணையின் புல்தரைதான்: ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி நீளம், ஒரு முனையில் ஓக் மரங்கள். கணவனும் இரண்டு பிள்ளைகளும் தானுமாகப் போய் அதில் இறங்க ஒரு சிறு விமானம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

கணவன் நவநீத் ஏற்கெனவே ஒன்றில் மனதைப் பறிகொடுத்திருந்தான். வெள்ளை வெளேரென்ற உடம்பு, தாழ்ந்த இறக்கை, தோல் இருக்கைகள். காற்றாய்ப் பறக்குமாம்.

ஆகஸ்ட் மாதம், மதியம் மூன்று மணி. நூற்றிரண்டு டிகிரி வெயிலில், பழைய விமானங்களை வாங்கி விற்கும் கிட்டுசாமியின் கொட்டகை முன்னால் ஹம்சா காரின் டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஆறு அரிசி மூட்டைகள்.

"எதுக்குங்க அம்மிணி இது?" என்றார் கோயம்புத்தூர்க்காரரான கிட்டுசாமி.

"என் பையனும் மெடிசின் பாக்ஸும் அங்கிள், வெயிட்டுக்கு. நீங்க என் பொண்ணு கணக்குல, முன்னாடி உக்காருங்க. டேங்க்கை ஃபுல் பண்ணிடுங்க. அங்கே ஃப்யூவல் கிடைக்காது."

"காலைல டெஸ்ட் பண்ணியிருக்கலாமே, இந்த வெயில்ல..." என்றான் நவநீத்.

"சூடான காத்துல சீக்கிரம் மேலே தூக்காது, நவநீ. நாம அங்கேருந்து கிளம்பறது இந்த டைம்தான். அப்புறம், உன் வெயிட்டை எழுபத்தெட்டுன்னு எழுதிக் கொடுத்தியே? நான் எண்பத்தாறு போட்டிருக்கேன்."

கிட்டுசாமி வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கொட்டகையை அடுத்த தார் ஓடுதளத்தின் ஓரமாக ஓரிடத்தில் ஹம்சா ஆரஞ்சுக் கொடி ஒன்றை நட்டுவிட்டு வந்தாள். அதற்குள் சக்கரம் தரையை விட வேண்டும். வெள்ளை விமானம் கொடியைத் தாண்டியும் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அலுங்காமல் எழுந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, நீண்ட ஓடுதளத்துக்கு அருமையான விமானம். "புல்லுல இன்னும் தூரம் எடுக்கும்" என்று மட்டும் சொல்லி இறக்கினாள். நவநீத் தோல் இருக்கையை ஒருமுறை தடவிவிட்டு இறங்கினான்.

அடுத்தது ஆறு இருக்கை விமானம். உயர்ந்த இறக்கை, வெளிறிய பச்சை வண்ணம், தடித்த டயர்கள். மினி லாரிக்கு இறக்கை முளைத்ததுபோல் இருந்தது. கொடிக்கு வெகு முன்னாலேயே அது தரையை விட்டது.

"இப்போ நிஜமான இடத்துக்கே போயிடலாம்" என்றாள் ஹம்சா.

இரண்டரை மணி நேரம் பறந்து, பண்ணைக்கு மேலே வந்து தாழ இறங்கினார்கள். சக்கரம் புல்லைத் தொடப்போகும் நேரத்தில் இடதுபுறமிருந்து மூன்று மான்கள் குறுக்கே பாய்ந்தன. பின் சீட்டில் நவநீத் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டான். ஹம்சாவின் கை நிதானமாக விசையை முன்னே தள்ளியது. இன்ஜின் உறுமியது. ஓக் மரங்கள் கண்ணாடியை நிறைத்து வந்தன. பிறகு காலடியில் பச்சையாய் விலகின. பக்கத்து சீட்டில் கிட்டுசாமியின் கை தன் முன்னால் இருந்த எந்த விசையையும் தொடவே இல்லை. மடியிலேயே இருந்தது.

"மானெல்லாம் போயிடுச்சா பாருங்க அங்கிள்" என்றாள், சமையலறையில் பால் பொங்கியதா என்று கேட்கிற குரலில்.

வட்டமடித்து வந்து இறங்கியபோது பாதிப் புல்தரைக்குள்ளேயே விமானம் நின்றுவிட்டது. இருபது வருஷம் தன்னோடு வாழ்ந்தவளின் பின்கழுத்து வேர்வையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான் நவநீத்.

"நான் சீட்டைப் பார்த்து ஆசைப்பட்டேன் ஹம்சா" என்றான்.

"பரவால்ல. நல்ல சீட்தான் அது."

அடுத்த மாதம் நால்வரும், வாங்கிவிட்ட அந்தப் பச்சை விமானத்தில் வந்தார்கள். மகன் பிரணவ் வழியெல்லாம் தூங்கினான். இறங்கியதும் மகள் அதிதி, "அம்மா, தட் வாஸ் ஸோ குட்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பண்ணை வாசலில் ஏழெட்டுத் தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். நவநீத் மருந்துப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்து, எதிர்ப்பட்ட முதல் ஆளிடம், அவர் கேட்காமலேயே, "மை வைஃப் இஸ் தி பைலட்" என்றான்.