ரூபன் சொன்ன பொய்

"அவன் நல்லவனோ கெட்டவனோ, சொல்லும் பாப்பம்?" என்று சாரங்கா ரீச்சர் ஒருநாள் வகுப்பில் ஒரு பழைய நாவலின் சாவடிக் காவலனைப் பற்றிக் கேட்டார், கஜேந்தினி எழும்பி நின்றாள், பதிலை வீட்டில்போய்த்தான் கொப்பியில் எழுதினாள்... பிறகு பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டாள், ஆனால் அந்தக் காவலன் அவளை விடவில்லை, இலஞ்சம் வாங்குகிறவன், குடிகாரன், பொய்யன், அப்படிப்பட்டவன் யாரோ ஒரு பெண் செய்த களவைத் தன் களவென்று சொல்லிச் சவுக்கடி வாங்குகிறான், ஒவ்வோர் அடிக்கும் சிரிக்கிறான், உடுப்புப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்த கொப்பிகளில் அந்தச் சிரிப்புக்கு மட்டும் ஆறு பக்கம்... அம்மாவுக்குக் காய்ச்சல் என்றபடியால் இன்று தண்ணீர் முறை பேசும் கமக்காரர் கூட்டத்துக்கு அவள்தான் வந்திருக்கிறாள், மருதமர நிழலில் கடைசி ஆளாக, வாய்க்கால் தண்ணீரில் வெயில் நெளிவதைப் பார்த்தபடி. எல்லோருக்கும் நடுவில் ரூபன், சேட்டில் மேல் பொத்தான் இல்லாமல், சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"ஓம், நான்தான் மடைப்பலகையைத் தூக்கினனான்."

இல்லையே, தூக்கியது அவளல்லவா... வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று தண்ணீர் முறையை ஒருநாள் தள்ளியிருந்தார்கள், அது தெரியாமல் வழமைபோல விரல்விட்டு நாளை எண்ணி, இன்று எங்கள் வயலுக்குத்தானே என்று தூக்கிவிட்டாள், அது பக்கத்து வயல் வீரம்மாவின் நாள், யூரியா எறிந்த வயல், தண்ணீரில்லாமல் பயிர் கருகிப்போயிற்று. சைக்கிளில் போன ரூபன் அதைக் கண்டான், ஒன்றும் கேட்கவில்லை. முன்பு இரண்டுதரம் தண்ணீர் களவெடுத்துப் பிடிபட்டவன், அவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

"குடிச்சா உனக்கு மடையெது, வீட்டுப் படலையெது எண்டு தெரியாது என்ன?" என்கிறார் தலைவர் யோகநாதன், எல்லோரும் சிரிக்கிறார்கள், ரூபனுந்தான். "அடுத்த முறை உன்ர வயலுக்குத் தண்ணி இல்லை."

"எம் பயிரு போச்சேடா பாவி!" வீரம்மா ஒருபிடி கருகிய பயிரை அவன் காலடியில் எறிகிறாள், இனி அவனுடைய பயிரும் இப்படித்தான் போகும்... நாவலில் அந்தப் பெண் என்ன செய்தாள், அடி விழும்போது எங்கே நின்றாள், பிறகு சோறு இறங்கியதா அவளுக்கு? நாவலில் ஒரு வரியில்லை, கொப்பிகளிலும் இல்லை, எப்படி எழுதாமல் விட்டாள்... பேசாமலிருந்தால் தப்பலாம், சொன்னால் உனக்கும் அவனுக்கும் என்ன கதை என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள், ஆனாலும் எழும்பிவிட்டாள், யாருடைய கால்களோ எழுப்பிவிட்டதுபோல.

"ரூபண்ணை இல்லை. நான்தான். முறை மாறினது தெரியாமத் திறந்திட்டன்."

பிறகு யாரோ, "அப்ப இவர் ஏனாம் ஓமெண்டவர்?" என்கிறார்கள், மறுபடி சிரிப்பு, இது வேறு சிரிப்பு, முதுகெல்லாம் ஊர்கிற சிரிப்பு. ரூபன் சிரிக்கவில்லை. அவன் வயலுக்குத் தண்ணீர் தப்பிவிட்டது, ஆறுதல்படுவான் என்றல்லவா நினைத்தாள், அவன் முகம் ஏன் கையில் இருந்ததைப் பறிகொடுத்தவன் முகம்போல... காப்பாற்றினேனா, அவன் செய்த ஒரு நல்லதைப் பறித்தேனா? அவன் குனிந்து சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டினான், வாய்க்கால் கட்டின்மேல் ஏறிப் போனான்.